பிஸ்தாவுக்கு ஒரு அட்வான்ஸ்

சின்ன நாய்தான்னு சொல்றப்ப எல்லாருமே இப்படித்தாங்க கையைக் காட்டறாங்க, இத்தனூண்டுன்னு. நீங்களும் அப்படியே காட்டறீங்க. உக்காருங்க கண்ணு. மாடியை அப்பறம் பாக்கலாம், மாடி எங்கயும் போயிறாது. ரெண்டு ரூமு, ஒரு ஹாலு, பின்னாடி துணி காயப்போட எடம். தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வரும், தொட்டி பெருசு. வாடகை போனுல சொன்னதுதான். அதுல ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க. நாயைப் பத்தித்தான் பேசோணும்.

எனக்கு நாய்ன்னா வெறுப்பில்லீங்க. அதை மொதல்ல சொல்லிப்போடறேன். ஆசையும் இல்ல. என்ற குணம் அப்படி, எதுலயும் ஒட்ட மாட்டேன். வாடகைக்கு இருக்கறவங்க வெவகாரத்துல தலையிடவே மாட்டேன். இந்தத் தெருவுல யாரை வேணாலும் கேளுங்க, மரகதம் அடுத்த வீட்டுச் சமாச்சாரம் பேசுவாளான்னு. போன மாசம் வரைக்கும் மாடியில இருந்தாங்களே, அருள்செல்வன்னு ஒரு தம்பி, பம்புசெட்டுக் கம்பெனியில டிசைன் போடற வேலை, சம்பளம் இருபத்தெட்டாயிரம், அதுல அம்மாவுக்கு அஞ்சு அனுப்போணும், வண்டித் தவணை நாலாயிரத்து முந்நூறு. அவிய விஷயத்துலகூட நான் தலையிட்டதில்லீங்க.

அந்தத் தம்பி சம்சாரம் மோகனப்ரியா. மாயவரத்துப் பக்கம். இங்க ஒரு பல் டாக்டர்கிட்ட டோக்கன் போட்டு ஆளை உள்ள அனுப்பற வேலை. நல்ல புள்ள. என்னை ஆன்ட்டின்னுதான் கூப்பிடும். எனக்கு ஆன்ட்டின்னா ஆகாது, ஆனா அது சொன்னா நல்லாத்தான் இருந்துது.

வந்து மூணு மாசம் இருக்கும். தை மாசம். ஒரு நாள் பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துல, ரெண்டு பேரும் ஜோடியா கீழ வந்து நிக்கறாங்க. ஜோடியா வந்தா ஏதோ கேக்கப் போறாங்கன்னு அர்த்தம்.

"ஆன்ட்டி, கூட வேலை பாக்கற பொண்ணு வெளிநாடு போவுது. அதோட நாயை எங்களுக்குச் சும்மாவே குடுக்கறேங்குது. சின்ன நாய்தான்"ன்னு அந்தப் புள்ள சொல்லுது.

"நாய் சும்மா. சோறு சும்மாவா?"ன்னேன்.

"ரொம்பக் கம்மியாத்தான் சாப்பிடும் ஆன்ட்டி."

"ஊசி?"

"வருஷத்துக்கு ஒரு தடவை."

"சீக்கு வந்தா?"

"வராது ஆன்ட்டி. நல்லா ஆரோக்கியமா இருக்கு"ன்னு அந்தத் தம்பி சொல்லுது. நாயைப் போட்டோவுலதான் பாத்திருக்குது. போட்டோவுல ஆரோக்கியம் தெரியுமா கண்ணு?

"சரி, தீவாளிக்கு நீங்க ஊருக்குப் போனா அது எங்க போகும்?"

அதுக்கு ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கறாங்க. கணக்கு எல்லாம் போட்டுத்தான் வந்திருந்தாங்க. ஒரு காயிதத்துல எழுதிக்கூட வெச்சிருந்தாங்க. நான் வாங்கிப் பாத்தேன். பிஸ்கோத்து, கழுத்துப் பட்டை, படுக்கற மெத்தை. மெத்தை தொள்ளாயிரம் ரூபா! எங்கூட்டுக்காரர் முப்பது வருஷமா பாயிலதான் படுக்கறாரு.

அதனால சொன்னேன். "நாய் வரட்டும். ஆனா நாய்க்குத் தனியா அட்வான்ஸ். பதினஞ்சாயிரம்."

எங்கூட்டுக்காரர் சென்னியப்பன், அதோ அந்த ரூமுலதான் இருக்கறாரு, மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அதிகம் பேச மாட்டாரு. அன்னைக்கு மட்டும் பேப்பரை மடிச்சு வெச்சுட்டுக் கேட்டாரு, "ஏனுங்க மரகதம், நீங்க வீட்ட வாடகைக்கு உடறீங்களா, இல்ல பேங்குல லோன் குடுக்கறீங்களா?" கிண்டல் பண்றப்ப மட்டும் எனக்கு ங்க போடுவாரு.

நான் கண்டுக்கலை. கதவைக் கடிச்சு வெச்சா? சோபாவை... சோபா அவங்களுதுதான். சரி, கதவு என்னுது. மாசம் ஆயிரத்தி ஐநூறு, பத்து மாசத்துல குடுத்து முடிக்கிறோம்னாங்க. வாங்கி ஒரு எவர்சில்வர் தூக்குப்போசியில போட்டு பீரோ மேல வெச்சேன். பேங்குல போட்டா நம்ம காசோட கலந்துரும். அது நாய்க் காசு, தனியா இருக்கோணும்.

நாயும் வந்துது. பேரு பிஸ்தா. பேரைப் பாருங்க! கிலோ என்ன வெலை விக்குது, நானே வாங்கறதில்ல. ஒடம்பு நீட்டம், காலு நாலும் குட்டை, காது தரையைக் கூட்டும். படி ஏறோணும்னா பின்னாடி யாராவது தள்ளி உடோணும். அதுக்குத்தான் எத்தனை செலவுங்கறீங்க? அதுக்குன்னு தனி சோப்பு. நகம் வெட்டறதுக்கு முந்நூறு ரூபா. உண்ணி மாத்திரை ஒண்ணு ஐநூறு. ஒரே ஒரு மாத்திரைங்க, என்ற பிரஷர் மாத்திரை அந்தக் காசுக்கு ரெண்டு மாசம் வரும். ரெண்டாவது மாசமே அந்தப் புள்ள வெளிய சாப்பிடறதை நிறுத்திப்போட்டுது. நாலாவது மாசம் அந்தத் தம்பி வண்டியை நிறுத்திட்டு பஸ்ஸுல போச்சு. சும்மா வந்த நாய்!

சித்திரையில அவங்க வீட்டுல ஒரு கல்யாணம். நாயை ஹாஸ்டல்ல உடப் போறோம்னாங்க. நாய்க்கு ஹாஸ்டலுங்க. ஒரு நாளைக்கு நானூத்தம்பது. ஆறு நாள். நான் சொன்னேன், அந்தக் காசை அங்க குடுத்தீங்கன்னா எனக்கு வாடகை தள்ளிப்போகும், கீழயே கெடக்கட்டும்னு. வாடகைக்காகத்தான் சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல.

அந்த ஆறு நாளைக்கு அப்பறம் அதுக்குப் பழகிப்போச்சு. காலையில அவிய வேலைக்குக் கெளம்பறப்பவே தூக்கிட்டு வந்து கீழ உட்டுருவாங்க. மேல தனியா உட்டா குலைக்கும், பக்கத்து வீட்டுல சொல்லுவாங்க. அதனால நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா சாப்பிட எதுவும் குடுக்க மாட்டேன், அதுல நான் கண்டிப்பு. மத்தியானம் கொஞ்சம் தயிர்சோறு, அது மிஞ்சினது. மிஞ்சோணும்னு ஒரு கை அரிசி சேத்துப் போடுவேன், அவ்வளவுதான். அப்பறம் இட்லி சுட்டா ஒண்ணு. முட்டை வாரத்துல மூணு நாள்.

ஐப்பசி மாசம் இருக்கும். நல்ல மழை. எங்கூட்டுக்காரர் பொழுதோட நடக்கப் போவாரு, வரும்போது பஸ் ஸ்டாப்புக்கிட்ட வேகவெச்ச மக்காச்சோளம் ரெண்டு வாங்கிட்டு வருவாரு. எனக்குக் கீழ கடவாய்ப்பல்லு ரெண்டு இல்ல, ஒழுங்காக் கடிக்க வராது, கட்டையில பாதி மணி அப்படியே நின்னுரும். அன்னைக்கும் வாங்கிட்டு வந்தாரு. தின்னோம். படுத்துட்டோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க, சும்மா சொன்னேன்.

மறுநாள் நாய் வாந்தி எடுக்குது. அதுக்கு அடுத்த நாளும். தண்ணி குடிச்சாலும் வெளிய வந்துருது. மெத்தையில ஏறக்கூட மாட்டாம கதவு ஓரமா சுருண்டு கெடக்குது. பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட ஊசி போட்டாங்க, கேக்கலை. ஞாயித்துக்கிழமை காலையில பெரிய நாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்னு ஆட்டோ கூப்பிட்டாங்க. சின்னஞ்சிறுசுக தனியா போகுதேன்னு நாங்களும் ஏறிட்டோம். நாய் என்ற மடியில இருந்துது. எடம் இல்லாததால.

அங்க டாக்டர் ஒரு பொம்பளை. வயித்தை அமுக்கிப் பாத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. "குடல்ல ஏதோ அடைச்சிருக்கு. எலும்பு, மாங்கொட்டை, சோளக்கட்டை, சாக்ஸு, இப்படி எதாவது முழுங்குச்சா?"ன்னு கேட்டாங்க.

அந்தப் புள்ள யோசிச்சுது. "எங்க வீட்டுல அதெல்லாம் கெடையாது டாக்டர். கறியே மாசத்துக்கு ஒரு நாள்தான்"னுச்சு.

எனக்கு அப்ப ஒண்ணும் தோணலைங்க. காது மட்டும் கொஞ்சம் அடைச்ச மாதிரி இருந்துது. அந்த ரூமுல ஃபேன் சத்தம் ஜாஸ்தி. எங்கூட்டுக்காரர் என்னைப் பாத்தாரு. நான் சுவத்துல இருந்த பூனைப் படத்தைப் பாத்தேன்.

ஆப்பரேசன் பண்ணோணும்னாங்க. முப்பத்திரெண்டாயிரம். இன்னைக்கே பண்ணோணும், தள்ளிப்போட்டா குடல் கெட்டுரும். அந்தத் தம்பி போனை எடுத்து பேங்குக் கணக்கைப் பாக்குது. ஒன்பதாயிரம் இருக்குது. மாசக் கடைசி. ரெண்டு சிநேகிதக்காரங்களுக்குப் போன் பண்ணுச்சு. ஒருத்தர் எடுக்கலை. ஒருத்தர் எடுத்து, அவரு கஷ்டத்தை இதுகிட்டச் சொல்லிட்டு வெச்சுட்டாரு.

டாக்டர் நல்ல மாதிரிதான். மெதுவாத்தான் சொன்னாங்க. "எல்லாருக்கும் இவ்வளவு செலவு பண்ண முடியாது. முடியலைன்னா வலி தெரியாம தூங்க வெச்சிரலாம். உங்களை யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

தூங்க வெக்கறதுன்னா என்னன்னு எனக்குச் சட்டுன்னு புரியலைங்க. நல்லதுதானே, தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்போலன்னு நெனச்சேன். அப்பறம் அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தேன்.

அது வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து ஒண்ணே ஒண்ணு சொல்லுச்சு. "சும்மா குடுத்தாங்கன்னு வாங்கிட்டோம் ஆன்ட்டி. வாங்கியிருக்கவே கூடாது. இதை நல்லா வெச்சுக்க வேற யாராவது இருந்திருப்பாங்க."

நான் எந்திரிச்சு அதே ஆட்டோவுல வீட்டுக்கு வந்தேன். ஸ்டூல் போட்டு பீரோ மேல இருந்து தூக்குப்போசியை எடுத்தேன். பதினஞ்சாயிரம். ஐப்பசியோட அவிய கணக்கு முடிஞ்சிருந்துது. கூட ஒரு எட்டாயிரம். அது நான் பல்லு கட்டோணும்னு சேத்து வெச்சது. பல்லு எங்க போகப் போகுது? வராத பல்லு, மெதுவா வரட்டும். போசியோட கொண்டு போய் டாக்டர் மேசையில வெச்சேன். அங்க இருந்த பொண்ணு போசியைப் பாத்துச் சாப்பாடுன்னு நெனச்சுதுபோல, "உள்ள சாப்பிடக்கூடாது மேடம்"னுச்சு.

அந்தத் தம்பி என்ற கையைப் புடிச்சுக்கிச்சு. "ஆன்ட்டி, நீங்க அன்னைக்கு அட்வான்ஸ் கேட்டப்ப நாங்க மேல போய் உங்களைத் திட்டினோம்"ங்குது.

"தெரியும். மாடியில பேசறது பாத்ரூம் வழியா எனக்குக் கேக்கும்"ன்னேன். நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கறதில்லீங்க. சத்தம் தானா வருது.

ரெண்டு மணி நேரம் ஆச்சு. டாக்டர் வெளிய வந்தாங்க. பொழைச்சுக்குச்சுன்னாங்க. கையில ஒரு தட்டு. அதுல இத்தனூண்டு, என்ற கட்டைவெரல் கனத்துக்கு. "சோளக்கட்டை. இதான் அடைச்சிருந்துது. யாரு குடுத்தது?"

அந்தத் தம்பி தலையைக் குனிஞ்சுக்கிச்சு. "வாக்கிங் போறப்ப ரோட்டுல எடுத்திருக்கும் டாக்டர். நான் போனைப் பாத்துட்டே போவேன். என்மேலதான் தப்பு."

நான் சொன்னேன், "தம்பி, வாயில்லா ஜீவனை வெச்சுக்கிட்டு இனிமேலாவது கவனமா இருக்கோணும்"ன்னு.

ஆமாங்க. சொன்னேன். இப்ப நீங்க பாக்கறீங்களே, அப்படித்தான் எங்கூட்டுக்காரரும் பாத்தாரு.

என்ன பண்றது கண்ணு, வாய்ல இருந்து வந்துருச்சு. கட்டையில மணி நெறைய நின்னுருந்துது, அது முன்னங்கால் ரெண்டையும் தூக்கிக்கிட்டு உக்காந்து பாத்துட்டே இருக்குது, வீணாப் போகுதேன்னு ரெண்டா ஒடிச்சு ஒண்ணைப் போட்டேன். மணியை மட்டும் கொறிச்சுட்டு உட்டுரும்னு நெனச்சேன். எனக்கு என்ன தெரியும்? எல்லாத்துக்கும் கணக்குக் கேட்ட நான், அதுக்கு எது ஆகாதுன்னு ஒருக்காக்கூடக் கேக்கலை.

மூணாம் நாள் வீட்டுக்கு வந்துது. தையலை நக்கக்கூடாதுன்னு கழுத்துல ஒரு பிளாஸ்டிக் புனல். சுவத்துல முட்டிக்கிட்டே நடக்கும். அந்தப் புள்ள பத்து நாள் லீவு போட்டுப் பாத்துக்கிச்சு, சம்பளம் புடிச்சுட்டாங்க. தையல் பிரிச்ச அன்னைக்கு நாங்க கீழ உக்காந்திருக்கறோம். எங்கூட்டுக்காரர் சோளத்தை நிறுத்திப்போட்டாரு, வறுத்த கடலை வாங்கிட்டு வந்திருந்தாரு. நான் பொட்டலத்தைப் பிரிக்கறேன். அந்தச் சத்தம் கேட்டுதோ இல்லையோ, மேல இருந்து தடதடன்னு நாலு குட்டைக்காலும் எறங்கி ஓடி வருது. அதுவா படி எறங்கி அதுவரைக்கும் நான் பாத்ததில்ல. நேரா என்ற சேருக்கு முன்னாடி உக்காந்து, முன்னங்கால் ரெண்டையும் தூக்கிக் காட்டுது.

பின்னாடியே அந்தப் புள்ள. கடைசிப் படியில நின்னு அதைப் பாக்குது, என்னைப் பாக்குது.

"எங்கயோ கெட்ட பழக்கம் பழகியிருக்குது பாரு"ன்னேன்.

அந்தப் புள்ள குனிஞ்சு நாயைத் தூக்கிட்டு மேல போயிருச்சு.

மறுநாள் காலையில வேலைக்குப் போறப்ப நாயைக் கீழ உடலை. மேலயே வெச்சுப் பூட்டிட்டுப் போயிருச்சு. அடுத்த நாளும் அப்படித்தான். குலைக்கும்னு பாத்தேன், குலைக்கலை. ஆனா நகச் சத்தம் கேக்கும். நான் சமையல்கட்டுக்குப் போனா மேல அது சமையல்கட்டுக்கு வரும். நான் ஹாலுக்கு வந்தா அதுவும் ஹாலுக்கு வரும். நான் நின்னா நிக்கும். மத்தியானம் சோறு மிஞ்சுது, என்ன பண்றதுன்னு தெரியலை. எங்கூட்டுக்காரர் ரெண்டு நாள் அதைத் தின்னாரு. மூணாம் நாள், "எனக்கு வேண்டாம் மரகதம், மேல போய்ச் சொல்லிப்போடு"ன்னாரு.

"என்ன சொல்றது?"

"உனக்குத் தெரியும்."

நாலு நாள் ஆச்சுங்க. அறுபத்தி மூணு வயசு எனக்கு. இந்தப் பதினெட்டுப் படி ஏற அத்தனை நேரம் ஆனது அன்னைக்குத்தான். கதவைத் தட்டினேன். அந்தப் புள்ள தொறந்துச்சு. நாய் அதோட காலுக்கு நடுவுல மூஞ்சிய உட்டுக்கிட்டு என்னைப் பாத்து மொத்த ஒடம்பையும் ஆட்டுது. வாலை மட்டும் ஆட்டத் தெரியாது அதுக்கு.

"சோளக்கட்டையை நான்தான் குடுத்தேன்"ன்னு சொன்னேன். உக்காரக்கூட இல்ல. நின்னுக்கிட்டே.

"தெரியும் ஆன்ட்டி"ங்குது.

"எப்ப?"

"ஆஸ்பத்திரியிலேயே. நீங்க பணம் எடுக்கப் போனீங்கல்ல, அப்பவே அங்கிள் எங்ககிட்ட சொல்லிட்டாரு."

அப்ப அந்தத் தம்பி, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் டாக்டர் முன்னாடி தன்மேல தப்புன்னு சொல்லிருக்குது. நானும் அதுக்குப் புத்தி சொல்லியிருக்கறேன்! எங்கூட்டுக்காரர் நாப்பது வருஷத்துல ரெண்டு வார்த்தை சேந்தாப்புல பேசினதில்ல, அன்னைக்குப் பாத்து முழுக் கதையும் சொல்லிருக்கறாரு.

"அப்ப நாயை ஏன் கீழ உடலை?"ன்னேன். கொரலு கொஞ்சம் கம்மிப்போச்சு. சளி.

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன் ஆன்ட்டி. அன்னிக்குக் கடலைப் பொட்டலத்தை வச்சுக்கிட்டுக்கூட சொல்லலையே, அதான் கோவம். குடுத்ததுக்கு இல்ல. நீங்க பிரியத்துல குடுத்தீங்க"ன்னுச்சு.

பிரியமெல்லாம் இல்லீங்க. அதை நான் அப்பவே சொல்லிட்டேன். வீணாப் போகுதேன்னு குடுத்தது. ஆனா எட்டாயிரத்தை மாசாமாசம் திருப்பிக் குடுக்கறோம்னு அன்னைக்குப் பொழுதோட அந்தத் தம்பி வந்து சொல்லுச்சு, நான் வேண்டாம்னுட்டேன். அட்வான்ஸுலயும் பாதி என்னோட கணக்குன்னு சொன்னேன். அந்தத் தம்பி ஒத்துக்கலை. எங்க நாய், எங்க செலவுன்னுச்சு. என்ற சோளம்னேன் நான். அரை மணி நேரம் சண்டை. கடைசியில அந்தப் புள்ளதான் ரெண்டு பேரையும் சத்தம் போட்டு, அது சொன்னபடி ஆச்சு. இனிமே மாசம் அவிய ஆயிரம், நாங்க ஐநூறு, எல்லாம் போசிக்குள்ள, நாய்க்கு எப்ப எது வந்தாலும் அதுல இருந்துதான். கூடவே ஒரு பெரிய காயிதத்துல அதுக்கு ஆகாததெல்லாம் எழுதி, எங்க சமையல்கட்டுல ஒட்டிட்டுப் போச்சு. திராட்சை, வெங்காயம், சாக்லேட்டு, எலும்பு, சோளக்கட்டை. சோளக்கட்டைக்கு மட்டும் செவப்பு மையில ரெண்டு கோடு.

மறுநாள் காலையில எட்டரைக்கு நாய் கீழ வந்துருச்சு.

ஒண்ணரை வருஷம் ஓடிப்போச்சுங்க. அந்தத் தம்பிக்கு ஓசூர்ல நல்ல வேலை கெடைச்சுது. போன மாசம் காலி பண்ணினாங்க. போசியில இருபத்தி ரெண்டாயிரத்துச் சில்லறை இருந்துது, அப்படியே தூக்கிக் குடுத்துட்டேன். எங்க பங்கைப் பிரிக்க அந்தப் புள்ள பாத்துது. நாய்க் காசுல எனக்கென்ன வேலைன்னேன்.

சாமான் லாரியில போச்சு. இவிய கார்ல. எல்லாரும் சொல்லிக்கிட்டாங்க, அந்தப் புள்ள அழுதுச்சு, அந்தத் தம்பிகூட மூக்கை உறிஞ்சுது. நாய் என்ன பண்ணுச்சுங்கறீங்க? நான் வாசல் கேட்டுப் பக்கத்துல நிக்கறேன், திரும்பிக்கூடப் பாக்கலை. ஜன்னல்ல தலையை நீட்டி, காதைக் காத்துல உட்டுக்கிட்டு, டவுனுக்குப் போறாப்புல போச்சு. அதுக்கு என்ன தெரியும், பொழுதோட திரும்பி வந்துருவோம்னு நெனச்சிருக்கும்.

நான் உள்ள வந்துட்டேன். அன்னைக்கு அரிசி அளவு மாறிப்போச்சு, சோறு ஜாஸ்தியாயிருச்சு. இந்த ஒரு மாசமாவே அப்படித்தான். கை பழகிப்போச்சுங்க, அவ்வளவுதான். அதுலயெல்லாம் ஒண்ணும் இல்ல.

அட, எங்க எந்திரிக்கறீங்க? வேண்டாம்னு நான் சொல்லவே இல்லையே. பதினஞ்சாயிரம் இப்ப இல்லைன்னா மாசாமாசம் குடுங்க. மாடிச் சாவி இந்தாங்க, நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க, எனக்கு முட்டி வலி. பாத்ரூம்ல மட்டும் மெதுவாப் பேசுங்க.

சித்த நில்லுங்க கண்ணு. இத்தனை நேரம் பேசறேன், அதைக் கேக்கவே இல்ல பாருங்க. பேரென்ன வெச்சிருக்கறீங்க அதுக்கு?